யாருக்காக எடுத்தார்கள், யாரைக் கேட்டு நீக்கினார்கள்? - ‘நோலி’ தொடரை முன்வைத்து

(வாசிப்பு வட்டம் ஒன்றின் திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூன்று பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்திருக்கிறோம். எல்லாருக்கும் பசி நேரம், அதனால் சுருக்கமாகப் பேச முயல்கிறேன். இந்தத் தொடரைத் திரையிடலாம் என்று சொன்னபோது ஒரு தோழர் நேராகவே கேட்டார்: “பிரிட்டிஷ் சீரியல் நடிகையை வேலையை விட்டுத் தூக்கினால் நமக்கென்ன தோழர்? அம்பேத்கர் வாசிக்கிற இடத்தில் இது எதற்கு?” நியாயமான கேள்வி. இந்த உரை முழுக்க அவருக்கான பதில்தான்.

முதலில் விவரங்கள். ‘நோலி’ 2023 பிப்ரவரியில் ஐடிவிஎக்ஸ் தளத்தில் வந்தது. எழுதியவர் ரஸ்ஸல் டி. டேவிஸ். 1999-இல் ‘குவீர் அஸ் ஃபோக்’, 2021-இல் எய்ட்ஸ் காலத்தைப் பற்றிய ‘இட்ஸ் எ சின்’ எழுதியவர். இயக்கியவர் பீட்டர் ஹோர். நோலியாக நடித்தவர் ஹெலனா போன்ஹாம் கார்ட்டர். நோலி என்பது செல்லப் பெயர், முழுப் பெயர் நோயெல் கார்டன்.

1919-இல் பிறந்தவர். மேடை நடிகை. அமெரிக்கா போய்த் தொலைக்காட்சித் தொழிலைப் படித்துவிட்டு வந்து, ஐம்பதுகளில் ஏடிவி நிறுவனத்தில் சேர்ந்தார். ‘லஞ்ச் பாக்ஸ்’ என்ற மதிய நேர நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தினார். பிரிட்டிஷ் பிரதமர் ஒருவரைத் தொலைக்காட்சியில் பேட்டி எடுத்த முதல் பெண் என்று அறியப்படுபவர், அந்தப் பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன். 1964 நவம்பரில் ‘க்ராஸ்ரோட்ஸ்’ தொடங்கியது. பர்மிங்காமுக்கு அருகில் ஒரு கற்பனை ஊர், அங்கே ஒரு மோட்டல், அதை நடத்துகிற மெக் ரிச்சர்ட்சன் என்ற விதவை. மெக்காக நடித்தவர் நோயெல் கார்டன். உச்சத்தில் சுமார் 1.5 கோடிப் பேர் பார்த்த தொடர். 1975-இல் மெக்குக்குத் திருமணக் காட்சி எடுத்தபோது பர்மிங்காம் பேராலயத்துக்கு வெளியே உண்மையான கல்யாணத்துக்கு வருவதைப்போலக் கூட்டம் திரண்டது.

1981 ஜூனில் அவரை நீக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 61. கிட்டத்தட்ட 17 வருட உழைப்பு. நல்ல காரணம் என்று எதையும் அவரிடம் சொல்லவில்லை. டேவிஸின் தொடர் முழுக்க நோலி அலைவது இந்த ஒரு கேள்வியோடுதான்: ஏன்?

இந்த ‘ஏன்’ மேல்தான் நான் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன்.

‘க்ராஸ்ரோட்ஸ்’ என்றாலே அந்த நாட்டில் ஒரு நக்கல் உண்டு. சுவர் ஆடும், நடிகர்கள் வசனத்தை மறப்பார்கள் என்று. பத்திரிகை விமர்சகர்கள் அதை அடித்துத் துவைத்தார்கள். நகைச்சுவைக் கலைஞர்கள் அதைக் கிண்டல் செய்தே பிழைத்தார்கள். ஆனால் சுவர் ஏன் ஆடியது? ஆரம்பத்தில் வாரத்துக்கு ஐந்து பகுதிகள் எடுத்தார்கள். ஒத்திகைக்கு நேரம் இல்லை. மறுபடி எடுக்கப் பணம் இல்லை. ஏறக்குறைய நேரலை மாதிரி ஒரே ஓட்டமாகப் பதிவு செய்வார்கள். யாராவது தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தோடுதான் ஒளிபரப்பாகும். இத்தனை குறைந்த காசில், இத்தனை வேகத்தில் வேலை வாங்கியது நிறுவனம். அதன் விளைவாக வந்த குறைகளை நடிகரின் திறமைக் குறைவாகவும் பார்க்கிறவரின் ரசனைக் குறைவாகவும் கணக்கு எழுதினார்கள். வேலை வாங்கியவனின் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை.

இந்தக் கணக்கு முறை நமக்குத் தெரியும். வசதியைக் கொடுக்காதே, பிறகு வசதியில்லாதவனைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள். நம் சேரிகளைப் பற்றி ஊர் பேசிய பேச்சு முழுக்க இந்தக் கணக்குதான்.

ஒளிபரப்பைக் கண்காணித்த அரசு சார்ந்த ஆணையமும் இதே பாட்டைப் பாடியது. தரம் போதாது என்று 1967-இல் வாரத்துக்கு நான்கு பகுதிகளாக, 1980-இல் மூன்றாகக் குறைக்கச் சொன்னது. கோடிக்கணக்கான மக்கள் பார்க்கிறார்கள் என்பது ஒரு தகுதியாகவே படவில்லை. இன்னும் சொன்னால் அதுவே குற்றமாகியது. ஏனென்றால் பார்த்தவர்கள் யார்? வீட்டுப் பெண்கள், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள், மாலையில் வேலை விட்டு வந்த தொழிலாளர் குடும்பங்கள். இங்கிலாந்தின் கலை ஏணியில் மேல்படியில் லண்டன் மேடை நாடகம், அதற்குக் கீழே பிபிசியின் நாடகங்கள், அதற்கும் கீழே வணிகத் தொலைக்காட்சி, அதிலும் கடைசிப் படியில் பர்மிங்காமில் எடுக்கிற மாலை நேரத் தொடர். ஒவ்வொரு படியில் நிற்பவரும் தனக்குக் கீழே இருப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தன் படியில் நிம்மதியாக இருக்கலாம்.

இந்த இடத்தில் உங்களுக்கு அம்பேத்கரின் ‘படிநிலை ஏற்றத்தாழ்வு’ ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அவசரப்பட வேண்டாம். இதைச் சாதி என்று சொல்லக்கூடாது. ஏன் கூடாது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது இன்னொரு பெண்ணை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். டேவிஸின் தொடரின் நாயகி நோலி. என் உரையின் நாயகி டோரத்தி ஹாப்சன். ஆய்வு மாணவியாக இருப்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனி ஒட்டுதல் இருக்கலாம்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம் என்று ஒன்று இருந்தது. 1964-இல் தொடங்கிய மையம், ‘க்ராஸ்ரோட்ஸ்’ பிறந்த அதே ஆண்டு. ஜமைக்காவிலிருந்து வந்த ஸ்டூவர்ட் ஹால் எழுபதுகளில் அதை நடத்தினார். இனவெறி, காவல்துறை, இளைஞர் பண்பாடு, ஊடகம் என்று இன்று நாம் பேசுகிற பலவற்றுக்கும் கருவிகள் செய்து கொடுத்த பட்டறை அது. அங்கிருந்து வந்த ஆய்வாளர் ஹாப்சன். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் ஊரே சிரித்த ‘க்ராஸ்ரோட்ஸ்’. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே நோயெல் கார்டனின் நீக்கம் நடந்தது. 1982-இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது.

அவர் செய்த காரியம் மிக எளிமையானது. ஸ்டூடியோவுக்குப் போய், தொடர் எப்படித் தயாராகிறது என்று பார்த்தார். பிறகு பார்வையாளர்களின் வீட்டுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து தொடரைப் பார்த்தார். ஒரு வீட்டில் அம்மா இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே, ஃப்ரீசர் மேல் வைத்த கறுப்பு வெள்ளை டிவியில் தொடரைப் பின்தொடர்கிறார். பாதி நேரம் கண் அடுப்பிலும் பிள்ளையிலும். காது மட்டும் டிவியில். இப்படிப் பார்க்கிறவருக்காகத்தான் அந்தத் தொடரில் ஒரே விஷயத்தை இரண்டு மூன்று முறை பேசுகிறார்கள். விமர்சகருக்கு ‘இழுவை’யாகத் தெரிந்தது, அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்குக் கதையைத் தவறவிடாமல் இருக்கிற வசதி. நாற்காலியில் சாய்ந்து, யாரோ கொண்டுவந்து கொடுத்த தேநீரோடு பார்க்கிறவருக்கு இது விளங்காது.

நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வுத் தலைப்பு கொண்டு போகிறவர்களுக்கு ஒரு கேள்வி காத்திருக்கும்: இதில் கோட்பாட்டு முக்கியத்துவம் என்ன? பறையடிப்பவரைப் பற்றிப் போனாலும், பீடி சுற்றும் பெண்களைப் பற்றிப் போனாலும், சீரியல் பார்க்கும் பெண்களைப் பற்றிப் போனாலும் அதே கேள்வி. ஹாப்சனின் புத்தகத்தை அந்தக் கேள்விக்கான பதிலாகப் பாருங்கள். ஏணியின் கடைசிப் படி என்று எல்லாரும் ஒதுக்கிய இடத்துக்குப் போய், அங்கிருக்கிறவரிடம் பணிவாக, “நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?” என்று கேட்டார். அறிவு அங்கிருந்து வந்தது.

நீக்கம் அறிவிக்கப்பட்டபோது கடிதங்கள் குவிந்தன. முதியவர்களும் தனியே வாழ்பவர்களும் எழுதினார்கள். முடிவெடுத்தவர்களுக்கு அந்தக் கடிதங்கள் அசட்டுப் பாசமாகத் தெரிந்திருக்கும். அவற்றில் இருந்த கேள்வி அசட்டுத்தனமானதில்லை: எங்களுக்காக எடுக்கிறோம் என்கிறீர்கள், எங்களைக் கேட்டா முடிவு செய்தீர்கள்? இந்த உரையின் தலைப்பே அங்கிருந்து வந்ததுதான்.

பதில் வரவில்லை. 1981 நவம்பரில் மோட்டல் தீப்பற்றி எரிகிற காட்சி வந்தது. மெக் செத்துவிட்டாள் என்று மக்கள் நம்பினார்கள். பிறகு அவள் கப்பலேறிப் போவதாகக் காட்டினார்கள். ‘கியூ.ஈ.2’ என்ற பெரிய சொகுசுக் கப்பல். நம் ஊர் சீரியல்களில் “இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு அட்டை வருமே, அதுகூட ஒரு நேர்மை. திடீரென்று வேறு முகம் வரும், நாமும் இரண்டு நாளில் பழகிக்கொள்வோம். அந்த அட்டைக்குப் பின்னால் சம்பளப் பிரச்சனையா, கர்ப்பமா, சண்டையா, யார் யாரை வெளியே தள்ளினார்கள் என்று நமக்குச் சொல்லமாட்டார்கள். வேலை போனவரின் பக்கக் கதைக்கு அட்டையில் இடம் கிடையாது.

சரி, டேவிஸ் இந்த ‘ஏன்’-க்கு என்ன பதில் சொல்கிறார்? நோலி செட்டில் அதிகாரம் செய்தார், ஸ்கிரிப்டில் திருத்தம் சொன்னார், இயக்குநருக்கே இடம் காட்டினார். இதையெல்லாம் தொடர் மறைக்கவில்லை. ஆனால் இதே குணம் உள்ள ஓர் ஆணை யாராவது ‘தொல்லை’ என்று சொல்லியிருப்பார்களா என்று கேட்க வைக்கிறது. வயதான, திருமணம் செய்துகொள்ளாத, தன் வேலை தனக்குத் தெரியும் என்று சொல்கிற பெண். அவரை அகற்றியது ஆண்கள் கூடிய ஒரு மேசை. அந்தச் சமயத்தில் ஏடிவி நிறுவனமே மறுசீரமைப்பில் இருந்தது. உரிமத்துக்காகத் தன்னை மாற்றிக்கொண்டு, 1982 ஜனவரி முதல் ‘சென்ட்ரல்’ என்ற புதுப் பெயரில் வந்தது. புது நிறுவனத்துக்குப் பழைய முகங்கள் சுமையாகத் தெரிவது வழக்கம்தான்.

தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது நோலிக்கும் டோனி ஆடம்ஸுக்கும் இடையிலான நட்பு. ஆடம்ஸ் ‘க்ராஸ்ரோட்ஸ்’ சக நடிகர். லாரி கிரேசன் என்ற நகைச்சுவைக் கலைஞரும் நோலியின் நண்பர். குடும்பம் என்ற அமைப்புக்குள் சரியாகப் பொருந்தாதவர்கள் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கிறார்கள். நீக்கத்துக்குப் பிறகு நோலி மேடைக்குத் திரும்பி ‘ஜிப்ஸி’ இசை நாடகத்தில் நடிக்கிறார். 1983-இல் வெனிஸில் எடுத்த காட்சிகளுக்காகச் சிறிது நேரம் ‘க்ராஸ்ரோட்ஸு’க்கும் திரும்பினார். 1985 ஏப்ரலில் புற்றுநோயில் இறந்தார். டேவிஸ் இவற்றை அழாமல், சிரிப்போடு சொல்கிறார். அதற்காக அவரைப் பாராட்டலாம்.

ஆனால் நாம் பாராட்டிவிட்டுக் கலைய முடியாது. இந்தத் தொடரின் கேமரா எப்போதும் நோலியின் பக்கத்தில் நிற்கிறது. பாப்பி என்ற இளம் கறுப்பின நடிகை வருகிறார், கற்பனைப் பாத்திரம். அவரை நாம் பெரும்பாலும் நோலியின் அறிவுரையைக் கேட்கிறவராகவே சந்திக்கிறோம். பாப்பி வீட்டுக்குப் போய் யாரோடு பேசுகிறார், என்ன பயப்படுகிறார் என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது.

உண்மை வரலாற்றில் ஒரு கறுப்பின நடிகை இருந்தார். கிளியோ சில்வெஸ்டர். 1970-இல் ‘க்ராஸ்ரோட்ஸி’ல் மெலனி ஹார்ப்பர் என்ற பாத்திரத்தில் வந்தார். மெக்கின் வளர்ப்பு மகள். இதன் கனம் தெரிய வேண்டுமானால் இரண்டு வருடம் பின்னால் போகவேண்டும். 1968 ஏப்ரல் 20 அன்று இதே பர்மிங்காமில்தான் ஈனாக் பவல் குடியேறிகளுக்கு எதிரான தன் பேர்போன வெறுப்புப் பேச்சைப் பேசினார். அந்த ஊரிலிருந்து, எல்லாரும் மட்டம் தட்டிய ஒரு தொடர், ஒரு கறுப்பினப் பெண்ணை மாலைச் சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைக்காரக் குடும்பத்தின் மகளாக உட்கார வைத்தது. சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரை முக்கியப் பாத்திரமாகப் பல ஆண்டுகள் வைத்திருந்ததும் இதே தொடர்தான். தரமான நாடகங்கள் என்று பெயர் வாங்கியவை இதில் எத்தனை செய்தன என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நோலி வேலையிழந்த 1981 எப்படிப்பட்ட வருடம்? தாட்சர் ஆட்சி. மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் கார் தொழிற்சாலைகளும் வார்ப்படக் கூடங்களும் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் கறுப்பின இளைஞர்களின் கிளர்ச்சி, ஜூலையில் பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த்திலும் வெடித்தது. நோலி நீக்கப்பட்டபோது தலைப்புச் செய்தி. வார்ப்படக் கூடத்திலிருந்து அனுப்பப்பட்டவருக்குக் கையில் ஒரு உறை.

அந்த வார்ப்படக் கூடங்களில் யார் இருந்தார்கள்? தோழர் கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில் இங்கே கிடைக்கிறது. பஞ்சாபின் தோவாப் பகுதியிலிருந்து போன தொழிலாளர்கள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் தலித்துகள். பர்மிங்காமிலும் வுல்வர்ஹாம்ப்டனிலும் ரவிதாஸ் சபைகளும் அம்பேத்கர் பௌத்த அமைப்புகளும் உருவானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உலையடியில் வெள்ளை மேற்பார்வையாளருக்கு எல்லாரும் ஒரே நிறம். வேலை முடிந்து வெளியே வந்தால், கூட வந்த சொந்த ஊர்க்காரனுக்கு அவர்கள் மறுபடியும் தனிச் சாதி. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு ஏணி.

இங்கேதான் நான் முன்பு தள்ளிவைத்த கேள்விக்கு வருகிறேன். நோலிக்கு நடந்தது அநீதி. அது வர்க்கமும் பாலினமும் வயதும் சேர்ந்த அநீதி. ஆனால் அவரிடமிருந்து எடுத்தது ஒரு வேலையை. அந்த வேலை போன பின்னும் அவரால் இன்னொரு மேடையில் ஏற முடிந்தது, கைதட்டல் வாங்க முடிந்தது. அவரைச் சிரித்த விமர்சகரும் அவர் செய்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தார். சாதியில் வேலையைப் பார்ப்பதற்கு முன்பே இழிவு வந்து நிற்கும். சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே பிரித்து அடுக்கிவிடுகிறது என்று அம்பேத்கர் 1936-இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் விளக்கியது இதைத்தான். அந்த அடுக்கிலிருந்து கப்பலேறினாலும் தப்ப முடியவில்லை என்பதற்கு வுல்வர்ஹாம்ப்டனே சாட்சி. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று அங்குள்ள நம் தோழர்கள் போராடினார்கள். 2013-இல் நாடாளுமன்றம் அதை அரசின் கடமையாக்கியது. 2018-இல் அரசு, தனிச் சட்டம் தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்புகள் போதும் என்று கைகழுவியது. இங்கேயும் யாரைக் கேட்டார்கள் என்ற கேள்வி நிற்கிறது.

ஆகவே இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மேலே இருப்பவர்கள் எந்த ஒரு கருவியை இரண்டு இடத்திலும் கையாளுகிறார்கள் என்று தெரியும். அந்தக் கருவியின் பெயர் ‘தரம்’. தொடரைக் குறைக்கவும், பெண்ணை நீக்கவும், நம் பிள்ளைகளைக் கல்லூரி வாசலில் நிறுத்தவும் பயன்படுகிற சொல் அதுதான்.

ஹாப்சனின் கதைக்கும் ஒரு பின்கதை உண்டு. அவரை உருவாக்கிய பண்பாட்டு ஆய்வுத் துறையை 2002-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகம் மூடியது. ஆய்வு மதிப்பீட்டில் போதிய தரம் கிடைக்கவில்லை என்றார்கள். உலகம் முழுக்க அதன் வழியைப் படித்துக்கொண்டிருந்தபோது, பிறந்த ஊரில் அதற்குத் தரம் போதவில்லை. ‘க்ராஸ்ரோட்ஸ்’ 4,500-க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடி 1988-இல் முடிந்தது. அவற்றில் ஏராளமான பகுதிகளின் பதிவு இன்று கிடையாது. நாடாவை அழித்துவிட்டு வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவது அந்தக் காலத்து வழக்கம். எது அழியலாம், எதைப் பாதுகாக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் ஒரு தரப் பட்டியல்தான்.

கடைசியாக, நாம் என்ன செய்யலாம்? நம் முற்போக்கு வட்டாரத்தில் சீரியல் என்றாலே ஒரு சிரிப்பு இருக்கிறது. “அம்மா சீரியல் பார்த்துக் கெட்டுப்போகிறார்” என்று பேசுகிற தோழர்கள் அந்த நேரத்தில் அம்மா கையில் வெங்காயமும் கத்தியும் இருப்பதைக் கவனிப்பதில்லை. அதே நேரம், மக்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக நம் சீரியல்களை விட்டுவிடவும் முடியாது. சாதிப் பெயர் சொல்லாமலே சாதி வீட்டைக் காட்டுகிற பெரிய முற்றங்கள், வேலைக்காரப் பாத்திரத்துக்கு மட்டும் ஒரு நிறம், ஒரு பேச்சு, கதாநாயகி வெள்ளையாக இருந்தே தீரவேண்டும் என்ற விதி. இவற்றைக் கேள்வி கேட்டே ஆகவேண்டும். ஆனால் யாரோடு சேர்ந்து கேட்பது?

என் யோசனை இது. இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் இந்த மாதம் ஒரு நாள் மாலை, வீட்டில் அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ பார்க்கிற சீரியலை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். கையில் அவர் உரிக்கிற வெங்காயத்தில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனை எடுக்காதீர்கள். நடுவில் திருத்த வேண்டாம். முடிந்த பிறகு, அந்த வீட்டில் வேலை செய்கிறாளே அவள் எந்த ஊர் ஆளாக இருப்பாள் என்று கேளுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். அவர் வர விரும்பினால் அவரையும் அழைத்து வாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறோம்.